பையில் மிஞ்சிய சீட்டு

1958, ஜூன் 3, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. கோயில் மணிக் கயிறு ஊறிக் கனத்துவிட்டது. ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணியை ஆறு மணிக்கே அடித்தேன். இப்போது தோள் வலிக்கிறது.

தென்காசியிலிருந்து புதுக் குருவானவர் ஜெபசிங் ஐயா சைக்கிளில் வந்தார். வயது முப்பத்தொன்று. அவர் பொறுப்பில் ஏழு ஊர்ச் சபைகள். ஊருக்கு ஓர் உபதேசியார். இந்த ஊருக்கு நான், இருபத்தாறு வருஷமாக.

சபை இரண்டாகக் கிடக்கிறது என்று கவலைப்பட்டார். கண்டுபிடிக்க அவருக்கு மூன்று ஞாயிறு ஆகியிருக்கிறது. ஐம்பது தாண்டியவர்கள் முன்பாயில் இருப்பார்கள். வாலிபர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, ஆசீர்வாதம் கூறும் நேரத்துக்குத் தலையை மட்டும் உள்ளே நீட்டுவார்கள். வாலிபர் டோலக்கு வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் இது வில்லுப்பாட்டுக் கொட்டகையா என்கிறார்கள். சபையில் மற்றபடி சமாதானம்.

"பெரியவங்க ஒருத்தர், வாலிபர் ஒருத்தர்னு ஜோடி சேர்க்கணும் உபதேசியாரே. வியாழன்தோறும் வீடு தேடிப் போய்ப் பேசணும்" என்றார்.

யாரை யாரோடு சேர்த்தாலும் ஏச்சு எனக்குத்தான். அதனால் சீட்டுப் போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சீட்டு ஆண்டவர் கையில். அவரை யாரும் நேரில் ஏசமாட்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி

பெயர்ப் பட்டியல் எழுதினேன். பெரியவர் பதின்மூன்று, வாலிபர் பதின்மூன்று. என்னைச் சேர்க்கவில்லை, நான் நடத்துகிறவன். சாமுவேலையும் சேர்க்கவில்லை, அவன் பஸ் கண்டக்டர், நேரம் இருக்காது. காரணம் இரண்டும் நியாயமானவை.

ஜோடிகள் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் குருவானவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று, இந்த வாரம் உங்களைச் சந்தோஷப்படுத்தியது எது? இரண்டு, எதற்குப் பயப்படுகிறீர்கள்? மூன்று, உங்களுக்காக நான் எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும்? ஞாயிறன்று ஜோடிக்கு ஓர் அறிக்கை தர வேண்டும்.

இந்த ஊரில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து சீட்டு. காணிக்கைப் பை இரண்டு. ஒன்றில் பெரியவர் பெயர்கள், மற்றதில் வாலிபர் பெயர்கள். குருவானவர் பழைய ஏற்பாட்டின் கடைசி வசனத்தை வைத்துப் பேசினார் – தகப்பன்மாரின் இருதயம் பிள்ளைகள் பக்கமும், பிள்ளைகளின் இருதயம் தகப்பன்மார் பக்கமும் திரும்பும் என்பதை. அந்த வசனத்துக்குப் பிறகு நானூறு வருஷம் ஆண்டவர் யாரிடமும் பேசவில்லை என்று உபதேசியார் படிப்பில் சொல்லித் தந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை.

எடுக்கப் போகும்போது தம் அங்கிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு சீட்டை எடுத்துப் பைக்கு ஒன்றாகப் போட்டார். "ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாத்தேன் உபதேசியாரே. உங்களுக்கு அம்பத்திரண்டு." நான் கேட்கவில்லை.

பிச்சைமணி அண்ணாச்சிக்கு ஏசுவடியான் விழுந்தான். அண்ணாச்சிக்கு எழுபத்தொன்று, டோலக்கைக் கோயிலுக்குள் விடக் கூடாதென்று மூன்று வருஷமாக மனு எழுதுகிறவர். ஏசுவடியானுக்குப் பத்தொன்பது, டோலக்கு அவனுடையது. 

கடைசியாக என் பெயர். மற்றப் பையில் கையை விட்டு எடுத்தார். சாமுவேல். நான் பெற்ற பிள்ளை.

ஒரே வீட்டார் சேரக் கூடாது என்பது விதி. விதிப்படி சீட்டைத் திரும்பப் போட்டு, பையை நன்றாகக் குலுக்கி, மறுபடி எடுத்தார். சாமுவேல். பையில் அது ஒன்றுதான் இருந்தது.

வேறு ஏற்பாடு செய்யலாமே என்றேன். பிச்சைமணி அண்ணாச்சி எழுந்து, "சீட்டு ஆண்டவரோட தீர்ப்பு. அதத் தள்ளுதவன் அவரையே தள்ளுதான்" என்றார். போன மாதம் நான் செய்த பிரசங்கம் அது. எல்லோரும் தூங்குகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சாமுவேலிடம் என் மனைவி அன்னப்பழம்தான் சொன்னாள். நானும் அவனும் பேசி ஒரு வருஷம் நாலு மாசம் ஆகிறது. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று நான் அவளிடம் சொல்வேன். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லும்மா" என்று அவனும் அவளிடம் சொல்வான். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்.

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சிரிச்சான்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

சந்திப்புக்குப் போவதற்கு வழி இல்லை. ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறேன். ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து வந்தான். நாற்காலியில் நான், பெஞ்சில் அவன். அன்னப்பழம் கருப்பட்டிக் காப்பி இரண்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே கோழியைப் பார்க்கப் போய்விட்டாள். காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டில் மழை விழுவதை இருவரும் அரை மணி நேரம் கேட்டோம்.

அறிக்கை: 'சந்தித்தோம். காப்பி குடித்தோம்.' பொய் ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

"மூணு கேள்வியும் இதுல இல்லையே" என்றார் குருவானவர். வீட்டில் வசதிப்படவில்லை என்றேன். "அப்ப வெளிய எங்கயாவது சந்திங்க. முதல் மாசம் பெரியவங்க போய்ப் பேச்சைத் தொடங்கணும், அப்புறம் வாலிபர் முறை." முப்பத்தொரு வயது.

பிச்சைமணி அண்ணாச்சியும் ஏசுவடியானும் மூன்று மணி நேரம் சண்டை போட்டார்களாம். அதையும் சந்திப்பு என்று சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் காரணம் பாளையங்கோட்டை. போன வருஷம் பிப்ரவரியில் குருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கிற கமிட்டிக்கு முன்னால் சாமுவேலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்று கேட்டார்கள். "அப்பா நேர்ந்தாங்க. என்னை யாரும் கூப்பிடல" என்றான். நான் வராந்தாவில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. கமிட்டியார் பிறகு எனக்குக் கடிதம் எழுதினார்கள், பையன் நேர்மையானவன் என்று. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

சளி. போகவில்லை. சளி லேசானதுதான்.

ஜூன் 26, வியாழன்

வேட்டியை மாற்றிக் குடையை எடுத்துக்கொண்டு, பஸ் நிற்கிற இலஞ்சி விலக்கில் போய் நின்றேன். பத்தே முக்கால் குற்றாலம் பஸ். அவன் வண்டி. சீசன் கூட்டம், எண்ணெய்த் தலையும் தோள் துண்டுமாக. நடுவில் ஓர் இடம் கிடைத்தது.

ஒவ்வோர் ஆளாகச் சீட்டுக் கிழித்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் நின்றான். கண்டக்டர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"எங்க?" என்றான்.

"குத்தாலம் ஒண்ணு" என்றேன்.

ஒரு வருஷம் நாலு மாசத்தில் இதுதான் முதல் பேச்சு. டிக்கெட்டைப் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

குற்றாலத்தில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அருவியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதே வண்டியில் திரும்பினேன். மறுபடி "எங்க?" என்றான். ஆக, இரண்டு முறை.

ஜூலை 3, வியாழன்

டிரைவர் கிதிர் முகம்மது திரும்பிப் பார்த்து, "என்ன உபதேசியாரே, எண்ணெயும் இல்ல, துண்டும் இல்ல. குத்தாலத்துக்குக் குடையோட போறவரு நீரு ஒருத்தர்தான்" என்றார். நல்ல மனிதர். வாய் அதிகம்.

குற்றாலத்தில் சாமுவேல் கணக்கு கொடுக்க ஆபீசுக்குள் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒம்ம மவன் போயிட்டா எனக்குத்தான் கஷ்டம். இந்த மாதிரி நிதானமான பையன் கெடைக்கமாட்டான்."

எங்கே போகிறான் என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஒமக்குத் தெரியாதா? நாரோயில் ஷெட்டுக்குப் போட்டிருக்காவள்லா. செப்டம்பர் ஒண்ணாந்தேதி. அவனே கேட்டு வாங்கினது."

வீட்டுக்கு வந்து அன்னப்பழத்திடம் கேட்டேன். அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். "அத ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவன் சொல்லல. சொல்லச் சொன்னாத்தான நான் சொல்லுவேன்" என்றாள். செய்தி கொண்டுபோகிறவளின் ஒழுங்கு அது. குறை சொல்ல முடியாது.

நாகர்கோவில். அவனே கேட்டு வாங்கினது.

ஜூலை 10, வியாழன்

இரண்டு மாதம்கூட இல்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் கொடுத்தான். நகரப் போனவனிடம் கேட்டேவிட்டேன்: "இந்த வாரம் சந்தோசப்படுத்துனது எது?"

பக்கத்தில் இருந்த சங்கரன்கோவில்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

சாமுவேல் டிரைவர் பக்கம் பார்த்தான். "பிரேக் பிடிச்சுது" என்றான்.

அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஐந்தரை மணிக்கு முன்கதவைத் தட்டும் சத்தம். அன்னப்பழம் போய்ப் பார்த்தாள். சாமுவேல், தலை சீவி, சலவைச் சட்டை. "உபதேசியார் வீடு இதான? சந்திக்க வந்திருக்கேன்" என்றான். இந்த வாரம் வாலிபர் பெரியவர் வீட்டுக்குப் போக வேண்டிய முறை என்று அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் இதே கதவு வழியாகத்தான் வேலைக்குப் போயிருந்தான். அன்னப்பழம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

விருந்தாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். காகிதத்தை விரித்தான்.

"எதுக்குப் பயப்படுதீங்க?"

முதல் கேள்வியை விட்டுவிட்டான். விதிப்படி அது தவறு.

"கோயில் மேற்கோரத்துல ஓடு ஒழுகுது. மழை வலுத்தா செவரு தாங்காது" என்றேன்.

எழுதிக்கொண்டான். ஜெபம் செய்தான் – ஓட்டுக்காக. காப்பி குடித்துவிட்டு வெளியே போய், கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

ஜூலை 18, வெள்ளி

ஓடு இல்லை. ஓடு ஒழுகுவது உண்மை, ஆனால் பயம் அது இல்லை. நான் உபதேசியார். கேட்ட பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன். அவன் அந்தப் பொய்க்கு ஜெபமும் பண்ணிவிட்டான்.

இங்கேயாவது எழுதுகிறேன். முப்பத்தாறில், அவனுக்கு எட்டு மாசம். தொண்டை அடைத்து மூச்சு விட முடியாமல் நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் புளியமரத்தடியில், பட்டப்பகலில், ஆட்கள் பார்க்க முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினேன். பிழைக்க வையும், இவனை உமக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. பிழைத்தான். வேதத்தில் தாய் நேர்ந்து கோயிலுக்குக் கொடுத்த பிள்ளையின் பெயரையே, சாமுவேல் என்று வைத்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு வந்தது கோபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. மிச்சம் எல்லாம் பயம். கொடுக்கிறேன் என்றதைக் கொடுக்காவிட்டால் அவர் தாமாக எடுத்துக்கொள்வாரோ? பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் விலக்கில் போய் நிற்கிறேன். மணியடிக்கப் போனேன் என்று அன்னப்பழத்திடம் சொல்கிறேன். அந்த நேரத்தில் மணியே கிடையாது. அவளும் கேட்பதில்லை.

வாயைத் திறந்தால் இது வந்துவிடும். அதனால்தான் திறக்கவில்லை. இது ஒரு காரணமா? – தெரியவில்லை. இதுதான் காரணம்.

ஜூலை 24, வியாழன்

காலையிலிருந்து பேய்மழை. பத்தே முக்கால் பஸ் குற்றாலம் போனது, திரும்பவில்லை. பன்னிரண்டு. ஒன்று. செங்கோட்டை ரோட்டில் மரம் விழுந்தது என்றார் ஒருவர். மரம் விழுந்தது பஸ் மேல் என்றார் இன்னொருவர். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். காசிமேஜர்புரம் தாண்டும்போது குடை மடங்கிவிட்டது.

குற்றாலத்தில் அருவி செம்மண்ணாகக் கொட்டியது. போலீஸ்காரர் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் வண்டி முழுசாக நின்றது. டீக்கடையில் கிதிர் முகம்மதுவும் சாமுவேலும் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

சாமுவேல் எழுந்துவிட்டான். "நடந்தா வந்தீங்க?"

கிதிர் முகம்மது என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், டயரைப் பார்க்க வேண்டும் என்று மழைக்குள் போய்விட்டார். வாய் அதிகமானவர் என்று முன்பு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

"போன வாரம் ரெண்டாங் கேள்விக்கு ஓடுன்னு சொன்னேன். ஓடு இல்லலே" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம், எட்டு மாசம், எல்லாம். அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் மழை என்று எடுத்துக்கொண்டிருப்பார், நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

சாமுவேல் வடையைக் கீழே வைத்தான். தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டான்.

"இருவத்திரண்டு வருசமா அவரு என்னைய எடுக்கலப்பா. ஒண்ணரை வருசமா நீங்கதான் இருக்கவன இல்லாதவனா வச்சிருந்தீங்க" என்றான்.

 

கணக்குப்படி ஒரு வருஷம் ஐந்து மாசம்தான். திருத்தவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு குருவானவரிடம் பொருத்தனையைப் பற்றிக் கேட்டேன். முதலில், படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம், "நேர்ந்தது நீங்கதானே உபதேசியாரே. அந்த ஊழியத்துக்கு நீங்க போயிட்டுத்தானே இருக்கீங்க இருபத்தாறு வருஷமா" என்றார். படிக்காமலே சொன்னது. அவர் வயதை இனி எழுதமாட்டேன்.

எல்லோரும் போன பிறகு பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். மகனை அனுப்ப என்னால் முடியாது, அவன் என்னுடையவன் அல்ல, ஆகவே கொடுப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை, மன்னியும் என்றேன். பதில் ஒன்றும் வரவில்லை. அவர் பேசாமல் இருப்பது வழக்கம்தான். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதென்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜோடித் திட்டம் பலன் தருவதாகக் குருவானவர் மேலிடத்துக்கு எழுதப் போகிறார். பிச்சைமணி அண்ணாச்சியின் முன்பாய் இரண்டு வாரமாகக் காலி. பிரசங்கத்தின்போது எட்டிப் பார்த்தேன். ஏசுவடியானோடு வேப்பமரத்தடியில் நின்று டோலக்கு வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆசீர்வாதத்துக்குத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

தலைமுறைகள் சேர்ந்துவிட்டன. எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று காகிதத்தில் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

விலக்குவரை பெட்டியை நான் தூக்கினேன். வேண்டாம் என்றான். விடவில்லை. அன்னப்பழம் முறுக்கு டப்பாவோடு முன்னால் போய்விட்டாள்.

கிதிர் முகம்மது வண்டிதான். இன்று சாமுவேல் பயணி. புதுக் கண்டக்டர் இன்னும் பின்பக்கத்தில் இருந்தான். படியில் கால் வைத்தவனிடம், "எங்க?" என்று கேட்டேன்.

சிரித்தான். "நாரோயில் ஒண்ணு."

மூன்றாவது கேள்வி இத்தனை வாரமும் பாக்கி. அதையும் கேட்டேன், எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று.

படியிலிருந்து திரும்பிச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை லீவு."

பஸ் போய்விட்டது. மணியடிக்கும் நேரம் இல்லை, இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அன்னப்பழமும் நின்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாமுவேல் இப்போது நாகர்கோவில் சபையைச் சேர்ந்தவன். பட்டியலில் அவன் பெயரை அடித்தேன். ஜோடி இல்லாத பெரியவர் என்று என்னைத் தனியே எழுதியிருக்கிறார் குருவானவர். அடுத்த சீட்டு ஜனவரியில். ஓடு மாற்றியாயிற்று.

செப்டம்பர் 25, வியாழன்

முந்தாநாள் கார்டு வந்திருந்தது. லீவு கிடைத்துவிட்டதாம், பதினைந்து நாளுக்கு ஒரு நாள். ஞாயிறு இல்லை, வியாழன். ஜெபத்தில் கிழமையை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

'இந்த வியாழன் வருகிறேன். அப்பாவிடம் சொல்லவும்' என்று எழுதியிருந்தான். கார்டு என் பெயருக்குத்தான் வந்திருக்கிறது. பழக்கதோஷம். அன்னப்பழத்திடம் காட்டினேன். "இனிமே எனக்கு இந்த வீட்டுல வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள்.

ஐந்தரை மணிக்குக் கதவைத் தட்டினான். "உபதேசியார் வீடு இதான?"

கதவு மத்தியானத்திலிருந்தே திறந்துதான் கிடந்தது. ஆனாலும் எழுந்து போய்த் திறந்தேன்.